விழுங்கும் கேமரா

கேப்சூல் எண்டோஸ்கோப்பி என்பது மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கவைத்துச் சிறுகுடலைப் பார்க்கும் முறை. வாய்வழிக் குழாய் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் எட்டும். ஆசனவாய்வழிக் குழாய் பெருங்குடலைக் காட்டும். இடையே சுருண்டு கிடக்கும் பல மீட்டர் நீளக் குடல் நெடுங்காலம் கண்ணுக்கு எட்டாமலே இருந்தது. இஸ்ரேலியப் பொறியாளர் கவ்ரியேல் இடானின் கற்பனை அக்குறையைத் தீர்த்தது. 2001இல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது.

26 மி.மீ. நீளமே கொண்ட அந்த முதல் கேப்சூலுக்குள் விளக்கு, லென்ஸ், மின்கலம், அலைபரப்பி அனைத்தும் அடங்கின. நொடிக்கு 2 படங்கள் வீதம் சுமார் 8 மணி நேரம் எடுத்து, இடுப்பில் கட்டிய பதிவுக்கருவிக்கு அனுப்பியது. குடலின் இயல்பான அசைவே அதை நகர்த்துகிறது; மயக்க மருந்து வேண்டாம். திசு மாதிரி எடுக்க இயலாது; குடல் குறுகியிருந்தால் சிக்கிக்கொள்ளவும் கூடும். ஆயினும், மறைந்த இரத்தக்கசிவை உடலை வருத்தாமல் கண்டறிவதில் இதன் நுட்பம் போற்றத்தக்கது.