நாய்க்குட்டியின் வலிமையும் குறையும்

மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். 1 அல்லது 2 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பழைய பென் டிரைவ் ஒன்று கிடக்கக்கூடும். இன்று ஒரு திரைப்படத்துக்கே போதாத அதைக் கொண்டு ஒரு கணிப்பொறியை இயக்க முடியுமா? முடியும் என்கிறது 'பப்பி லினக்ஸ்'. ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003-ல் வெளியிட்ட இலவச இயக்க முறை இது. நாய்க்குட்டியே இதன் சின்னம்.

2020-ல் வந்த 'ஃபோசாபப்' பதிப்பு சுமார் 400 மெகாபைட்தான். நிரல்கள் யாவும் சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும். கணிப்பொறி தொடங்கியதும், இடமிருந்தால், அக்கோப்பு ராம் நினைவகத்துக்கு நகலாகிவிடும். பிறகு வேலையெல்லாம் அங்கேதான். ஆகவே ஹார்டு டிஸ்க் பழுதான கணிப்பொறியும் உயிர்பெறுகிறது.

இதில் பாராட்டத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. பென் டிரைவின் நினைவுச் செல்கள் அழித்து எழுத எழுதத் தேய்பவை. சாதாரண இயக்க முறை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். பப்பியோ மாற்றங்களை ராமில் வைத்திருந்து, இடைவெளி விட்டோ அணைக்கும்போதோ மட்டும் எழுதுகிறது. மெதுவான பழைய டிரைவுக்கு இது பொருத்தமான ஏற்பாடு.

ஆனால் இச்சிறப்பே குறையும் ஆகிறது. எழுதுமுன் மின்சாரம் நின்றால், அதுவரை செய்த வேலை போயிற்று!

இன்னொரு குறை பெரியது. பயனாளர் முழு அதிகாரத்துடனேயே நுழைகிறார். 'மூலக் கோப்பு மாறுவதில்லையே, மீண்டும் தொடங்கினால் சரியாகிவிடும்' என்பர் ஆதரவாளர். மூலக் கோப்பை மீண்டும் பெறலாம். டிஸ்கில் உள்ள நம் ஆவணங்களைப் பெற முடியுமா? பழுதான கணிப்பொறியிலிருந்து கோப்புகளை மீட்க அவ்வதிகாரம் உதவும். இணையத்தில் உலவும்போது அது ஆபத்தே. உலாவியைக் குறைந்த அதிகாரத்தில் இயக்கும் வசதியை மறவாமல் பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதே ஆண்டில் வந்த டெபியன் 13, 32-பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவல் வசதியைக் கைவிட்டது. நன்றாக உழைக்கும் கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும் வேளையில், பப்பியின் தேவை கூடுகிறது.

கட்டுரை எழுதவும், நிரலாக்கம் பயிலவும், கோப்பு மீட்கவும் இதனைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வங்கிக் கணக்கை இதில் திறக்க வேண்டாம். பென் டிரைவைத் தயாரிக்குமுன் அதிலுள்ளவற்றைப் பத்திரப்படுத்துங்கள், அவை அழிந்துவிடக்கூடும். தேய்ந்த டிரைவில் ஒரே பிரதியை வைப்பதும் அறிவுடைமை ஆகாது.