பகைநாட்டின் மொழி: ‘சிவகாமியின் சபதம்’ – ஒரு மொழியியல் நோக்கு

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்தது. புகழ்பெற்ற சிற்பி ஆயனரின் மகள் சிவகாமிக்கும் பல்லவ இளவரசன் மாமல்லனுக்கும் இடையே முகிழ்த்த காதலே இதன் கரு. கன்னட நாட்டில் வாழும் இளந்தமிழர் இப்புதினத்தைப் பயிலுங்கால் எழும் மொழிச் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880 முதல் சுரங்கப் பணியில் ஈடுபட்டது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அங்குக் குடியேறினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் தமிழ் அங்கு நிலைபெற்றுள்ளது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் கன்னடமும் அண்டை வீட்டில் தெலுங்கும் வழங்கும் ஊர் அது. அங்கு வளரும் இளைஞனுக்கு வாதாபி என்பது தொலைவிலுள்ள பகைநகரம் அன்று. அவன் மாநிலத்திலேயே உள்ள பாதாமி. புதினத்தில் பகைவனாக வரும் புலிகேசி, அவன் பள்ளிப் பாடத்தில் ஹர்ஷனைத் தடுத்து நிறுத்திய வீரன்.

புதினத்தில் புலிகேசியும் நாகநந்தியும் காஞ்சி மக்களின் அதே எழுத்துத் தமிழிலேயே உரையாடுகின்றனர். சிவகாமி ஒன்பது ஆண்டுகள் வாதாபியில் சிறையிருக்கிறாள். எனினும் அவள் பேச்சு நடை மாறுவதில்லை. பாதாமிக் குடைவரையில் மங்களேசன் காலக் கன்னடக் கல்வெட்டு உண்டு. எனவே சாளுக்கியர் தலைநகரில் கன்னடம் வாழ்ந்த மொழியே. ஒரே மொழியில் அனைவரையும் பேசவைப்பது புதின மரபு. அதனைக் குறையெனல் பொருந்தாது. ஆயினும் தனக்கென மொழியில்லாத மாந்தர் பகைவராக மட்டுமே எஞ்சுகின்றனர் என்பதை மறுத்தற்கில்லை. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிக் கர்நாடகத் தமிழர் தாக்குதலுக்கு உள்ளானதை அறிந்தோர்க்கு இது வெறும் நடையியல் வினாவாகத் தோன்றாது.

இங்கு நூலின் நான்கு பாகத் தலைப்புகளை நோக்குதல் தகும். அவை ‘பரஞ்சோதி யாத்திரை’, ‘காஞ்சி முற்றுகை’, ‘பிக்ஷுவின் காதல்’, ‘சிதைந்த கனவு’ என்பன. யாத்திரை கன்னடத்தில் ‘யாத்ரெ’. இது வடமொழிப் பொதுக்கடன். முற்றுகை ‘முத்திகெ’, தமிழ் றகர இரட்டைக்குக் கன்னடத்தில் தகர இரட்டை வருதல் சுற்று–சுத்து என்பதிலும் காணப்படும். தங்கவயல் சிறுவனின் பேச்சுத் தமிழிலும் அது ‘சுத்து’ என்றே ஒலிக்கிறது. காதல் பழங்கன்னடத்திலும் ‘காதல்’, கனவு ‘கனசு’. நூற்பெயரிலுள்ள சபதமும் கன்னடத்தில் ‘சபத’ என வழங்குகிறது. கல்கி ‘வஞ்சினம்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை ஆண்டிருந்தால் இவ்வொப்புமை கிட்டியிராது. ஆக, போரை விவரிக்கும் நூலின் தலைப்புச் சொற்களே இரு மொழிகளின் உறவுக்குச் சான்று பகர்கின்றன.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் இரு கடமைகள் எழுகின்றன. ஒன்று, கன்னடத்தில் பெயர்க்குங்கால் இயன்றவிடத்து இவ்வினச்சொற்களையே ஆளுதல். மற்றொன்று, அம்மொழிபெயர்ப்பில் சாளுக்கியர் தம் மொழியையே பேசுவராதலின், காஞ்சி மாந்தரின் பேச்சை எவ்வாறு வேறுபடுத்துவது என முன்கூட்டியே முடிவு செய்தல்.

வாதாபி எரிந்த பின்னும் சிவகாமியின் காதல் கைகூடுவதில்லை. இறுதிப் பாகத்திற்குச் ‘சிதைந்த கனவு’ எனப் பெயரிட்ட கல்கி, வெற்றியின் விலையை உணர்த்தியே நூலை முடிக்கிறார். தங்கவயல் இளைஞர்க்கு இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர் வாதாபியின் வீழ்ச்சியோடு நிறுத்திவிடாமல், அந்த முடிவையும், ‘கனவு–கனசு’ என்னும் இணையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.