இணைய வழக்கின் ஊற்றுக்கண்கள்

இணையத்தில் இளைஞர் வழங்கும் சொற்களைக் குறித்துக் கற்றோரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. அவை கருவியோடு பிறந்த புதுச்சொற்கள் என்பது ஒன்று. தமிழைச் சிதைக்க வந்த அயற்சொற்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சொற்களின் வரலாற்றை ஆராயாது கொண்ட முடிபுகள் என்பது எமது கருத்து. அதனைச் சில சொற்கள் கொண்டு ஈண்டு நிறுவ முயல்வோம்.

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கின் மூன்று பகுதிகளுள் ஒன்றாக வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றல் அதற்கு எடுத்துக்காட்டு. தொழிலாளர் மறைமொழியையும் வழக்கென ஏற்ற மரபு நமது. ஆயின் ஒரு வேறுபாடு கருதத் தக்கது. குழூஉக்குறி பிறர் அறியாமைப் பொருட்டு எழுவது. இணையச் சொல்லோ பிறர் அறிந்து நகைத்தற்கென்றே பரப்பப்படுவது. ஆதலின் அது குழூஉக்குறியாய்த் தோன்றி, விரைவில் பொது வழக்காய் நிற்கின்றது எனலாம்.

இனி, ‘மொக்கை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கூர் மழுங்கிய கத்தியை மொக்கை என்றல் பழைய வழக்கு. இன்று அச்சொல் சுவையற்ற பேச்சையும் படத்தையும் குறிக்கின்றது. முந்திய தலைமுறை மாணாக்கர் அத்தகைய பேச்சை ‘அறுவை’ என்றனர். ‘பிளேடு’ என்றும் ‘இரம்பம்’ என்றும் கூறினர். இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கின், கேட்போரை அறுத்தல் என்னும் ஓர் உருவகமே தொடர்ந்து வருதல் புலனாகும். கூரிய கருவி விரைந்து அறுக்கும். மழுங்கியதோ நெடுநேரம் வருத்தும். இந்நுட்பம் இணையம் தந்ததன்று. தமிழ் பேசுவோர் மனத்தில் முன்னரே இருந்தது.

‘கலாய்த்தல்’ என்பதும் அன்னதே. பூசலிடுதல் என்னும் பொருளில் அகராதிகள் கண்ட பழஞ்சொல் இது. கலாம், கலகம் ஆகியவற்றோடு ஒப்புநோக்கத் தக்கது. பாத்திரங்களுக்குக் ‘கலாய் பூசுதல்’ என்னும் வழக்கினின்று இது வந்தது எனக் கொள்வாரும் உளராகலாம். ஆயினும் வாய்ப்பூசல் எள்ளலாய்த் திரிதல் இயல்பாகலின், முன்னதே பொருத்தமுடைத்து என்க.

அயற்சொற்களும் இணையத்தால் வந்தனவல்ல. ‘பேஜார்’ பாரசீகச் சொல். உருது வழியாகச் சென்னைத் தெருவிற்கு வந்தது. ‘கஸ்மாலம்’ அழுக்கு என்னும் பொருளுடைய வடசொல். இம்மொழியை 1958-இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’ படத்தில் சந்திரபாபுவும், 1972-இல் வெளிவந்த ‘காசேதான் கடவுளடா’ படத்தில் தேங்காய் சீனிவாசனும் நகைச்சுவைக்குப் பயன்படுத்தினர். ‘மீம்’ என்னும் சொல்லும் 1976-இல் ரிச்சர்டு டாக்கின்சு உயிரியல் நூலொன்றில் ஆக்கியதே.

தெருவினின்று திரைக்கும், திரையினின்று இணையத்திற்கும் செல்லும் வழிக்கு 2019 மே மாதம் நிகழ்ந்தது தக்க சான்று. சுத்தியல் ஒன்றின் படத்தைக் காட்டி, அதனை அவரவர் நாட்டில் எவ்வாறு அழைப்பர் என முகநூற் பக்கம் ஒன்று வினவிற்று. 2001-இல் வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில், வடிவேலு ஏற்ற நேசமணி என்னும் பாத்திரத்தின் தலையில் சுத்தியல் விழுந்த காட்சியை ஒருவர் விடையாக நினைவூட்டினார். அவருக்காக வேண்டுவோம் என்னும் தொடர் உலகெங்கும் பரவிற்று. ஈண்டு இணையம் வாய்க்காலேயன்றி ஊற்று அன்று.

ஊற்றுகளைத் தேடுவோர் சென்னையின் புறநகரை நோக்குதல் வேண்டும். போரூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையிலுள்ள ஐயப்பன்தாங்கலை எடுத்துக்கொள்வோம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்பவற்றிற்போல, இப்பெயரிலும் ‘தாங்கல்’ என்பது பாசன நீர்நிலையைக் குறிக்கும். இன்று இவ்வூர்ப் பெயர் பேருந்துப் பணிமனையையும் அடுக்குமனைகளையுமே பலருக்கு நினைவூட்டும். நீர்நிலைச் சொல் ஊர்ப்பெயரில் உறைந்து நிற்க, பல மாவட்டங்களிலிருந்து குடியேறியோர் பேச்சு அதே மண்ணில் கலக்கின்றது. ஒரு சொல் மறைதலையும் மற்றொன்று தோன்றுதலையும் ஒருங்கே காணத்தக்க இடம் இத்தகையது.

இவ்வாராய்ச்சியில் நீதி ஒன்றும் அடங்கியுள்ளது. இழுவண்டிக்காரரும் கூலித் தொழிலாளரும் பேசியபோது ‘இழிவழக்கு’ எனப்பட்ட சொல்லே, கற்ற இளைஞர் எழுதும்போது புதுமை எனப் பாராட்டப்படுகின்றது. சொல்லின் பிறப்பிடத்தை மறத்தல், அதனைப் படைத்த மக்களை மறத்தலாகும். அதற்காக அனைத்தையும் போற்றுதல் வேண்டும் என்பதன்று. சாதியையும் பெண்டிரையும் இகழும் சொற்களும் இவ்வழக்கில் உண்டு. அவற்றை இகழ்ச்சிச் சொல் எனக் குறித்தே பதிதல் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, பேச்சுச் சொற்களையும் வட்டார வழக்கையும் குறியிட்டுத் தழுவிக்கொண்டது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எழுத்துத் தமிழின் இக்கால நிலையைக் காட்டிற்று. இணையப் பதிவுகளோ அழிக்கப்படின் சுவடின்றி மறைவன. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அது வழங்கிய இடம், ஆண்டு, பேசுவோர் ஆகியவற்றோடு தொகுத்தல் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத் தக்க பணி. பேசியவர் உள்ளபோதே அவரை வினவுதல் நன்று. காலந்தாழ்த்தின், பின்வருவோர்க்கு ஊகமே எஞ்சும்.