தீக்கு ஒரு சுவர்

குரங்கணியில் உட்கார்ந்துகொண்டு ‘இயற்கையிலிருந்து உந்துதல் பெற்ற மட்கலை’ என்று யாரோ எழுதியதைப் படிப்பது சங்கடமான அனுபவம். எதிரே தெரியும் சரிவில்தான் 2018 மார்ச்சில் காட்டுத்தீ பரவி, மலையேற வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்குப் பிறகு, இலையையும் கிளிஞ்சலையும் களிமண்ணில் நகலெடுத்து அதற்கு இயற்கை என்று பெயர் சூட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அது இயற்கையின் தோல். அதுவும் இரவல் தோல்.

என் கையிலிருப்பது பாண்டிச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் தேநீர்க் கோப்பை. 1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் தொடங்கிய பட்டறை. ஸ்மித் ஜப்பானில் பயின்றவர். நம் ஊர்ச் சூளை பொதுவாக 1000 டிகிரியை எட்டுவதில்லை. அதனால்தான் நம் பானை நீர் கசிந்து குளிர்கிறது. இவர்களோ சவுக்கு விறகிட்டு 1300 டிகிரியை ஒட்டிச் சுட்டார்கள். அந்த வெப்பத்தில் களிமண் ஏறக்குறையக் கல்லாகிவிடுகிறது. சூளைக்குள் பறக்கும் விறகுச் சாம்பல் கலத்தின்மேல் படிந்தால், மண்ணிலுள்ள சிலிகாவோடு சேர்ந்துருகிக் கண்ணாடியாகிறது. மரமாக நின்றது மெருகாகிவிடுகிறது. இயற்கை ஒரு கலத்துக்குள் வர இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

உடனே ‘கலைஞன் தீயிடம் தன்னை ஒப்படைக்கிறான்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அபத்தம். ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். குயவனின் வேலை தீக்குச் சுவர் எழுப்புவது.

மீக்கர் 1980களில் இதைச் சொல்லுக்குச் சொல் செய்தார். சுடாத கல்லில் வீட்டைக் கட்டி, உள்ளே விற்பதற்கான செங்கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். ஈரானியரான நாதர் கலீலி இதில் அவருக்கு முன்னோடி. விறகுக் கணக்கு பார்த்தால் இம்முறையோடு எனக்குச் சண்டை உண்டு. என்றாலும், ஆளை மிஞ்சி நிற்கும் அவருடைய பிற்காலச் சிற்பங்களைவிட (புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன்) இவ்வீடுகளே என்னைப் பாதிக்கின்றன. சிற்பம் தீயை நினைவூட்டுகிறது. வீடோ தீ வந்துபோன இடத்தில் மனிதன் படுத்துறங்க இடம் தருகிறது. பயன்பாட்டைக் கலையின் தாழ்ந்த படியாகக் கருதும் நம் ரசிகசிகாமணிகளுக்கு இது உறைக்காது. ஸ்மித்தின் கோப்பையைக் கைவினைக் கண்காட்சிக்கும் மீக்கரின் சிற்பத்தைக் காலரிக்கும் அனுப்பிவிட்டு அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

மேலே, ஏலத் தோட்டங்களின் ஸ்டோர்களில், பழைய முறையில் விறகு ஒருபுறம் எரிய, குழாய் வழியே சூடு மட்டும் அறைக்குள் ஓடும். காய் உலரவேண்டும், பச்சை போகக்கூடாது. 50 டிகிரியைச் சுற்றியே சூட்டைப் பிடித்துவைக்கவேண்டும். இரவெல்லாம் ஓர் ஆள் விழித்திருந்து விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக இருப்பார். அவரிடம் இந்தக் கோப்பையைக் கொடுத்தேன். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரலால் தட்டினார்.

“நல்லா வெந்திருக்கு” என்றார்.