ஆசை என்னும் சொல்லும் அதன்மேல் வந்த பழியும்

ஆசையே துன்பத்திற்கு வேர் என்னும் உபதேசம் நம் மேடைகளில் இடைவிடாது ஒலிக்கின்றது. கேட்போரோ முன்பு பெரும்பாலும் கூலி போதாத தோட்டத் தொழிலாளராய் இருந்தனர். ஆகலின் அச்சொல்லின் பிறப்பையும் இலக்கணத்தையும் ஆராய்தல் நம் கடமையாம்.

‘ஆசை’ வடமொழி ‘ஆசா’ என்பதன் வழி வந்தது. அம்மொழியில் அது நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்னும் பொருள்களை உடையது. மலாய் மொழி அப்பொருளை இன்றுங் காத்து நிற்கின்றது. ‘பூத்துஸ் அசா’ என்றால் நம்பிக்கை அறுதல். அறுந்தால் மலாய்க்காரர் வருந்தும் ஒன்றை நாம் அறுத்தெறியச் சொல்கின்றோம்!

‘வேட்கை’ நம் சொல். ‘வேள்’ என்னும் அடியிற் பிறந்தது. வேட்டல் விரும்புதலையும் மணத்தலையும் குறிக்கும். இதில் இழிவு யாது?

இனி ‘வேண்டும்’ என்பதைக் காண்போம். பழைய நூல்களில் ‘வேண்டுவேன்’, ‘வேண்டேன்’ எனத் தன்மையிடங் காட்டியும் நடந்த இவ்வினை, இன்று ‘எனக்கு வேண்டும்’ என நான்காம் வேற்றுமையை அவாவி நிற்கின்றது. விரும்புவோன் இங்கு எழுவாய் அல்லன். விருப்பம் அவனிடம் வந்து சேர்வது. அயர்லாந்து மொழியும் ‘இஸ் மியன் லியம்’, அதாவது ‘விருப்பம் என்னோடு உளது’ என்றே கூறும். ஆங்கிலமோ ‘நான்’ என்பதை முன்னிறுத்தும். மேலும், ‘எனக்குப் போக வேண்டும்’ என்பது விருப்பம். ‘நான் போக வேண்டும்’ என்பது கடமை. தோட்டத்து வாழ்வு நம்மவர்க்குப் பின்னதையே மிகுதியும் பழக்கிற்று.

உபதேசிகள் வள்ளுவரைச் சான்று காட்டுவர். அவா அறுத்தல் 37ஆம் அதிகாரம்; துறவறவியலின் இறுதியில் நிற்பது. இல்லறத்தார்க்கு அவர் வைத்தது 18ஆம் அதிகாரமாகிய வெஃகாமை. பிறர் பொருளைக் கவர விரும்பாமை என்பதே அதன் கருத்து. காமத்துப்பாலுக்கோ 25 அதிகாரங்கள் வகுத்தார். துறவிக்குரியதைக் குடும்பத்தான் தலையிற் சுமத்துதல் நூலைப் படியாதார் செயல்.

1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். அவர்கள் ஆசையற்றவரோ? அல்லர். கள் வேண்டாம் என்றது, மானமுள்ள வாழ்வு வேண்டும் என்பதனாலன்றோ! ‘வேண்டும்’ என்பதை அறியாதவன் ‘வேண்டாம்’ என்பதை உறுதியுடன் சொல்லான்.

தோழர்களே, பிள்ளைகட்கு ஆசையை அறுக்கக் கற்பியாதீர். தக்கதை ஆசைப்படக் கற்பியுங்கள்.