யார் சொன்னது என்று கேட்காத கட்டங்கள்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையப் பட்டியலில் ஒரு தாயின் படம் இருக்கிறது. எடுத்தவர் டோரதியா லாங்கே, ஆண்டு 1936. கலிஃபோர்னியாவில் வறுமையில் வாடும் பட்டாணி பறிக்கும் கூலிகள், ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32, இடம் நிபோமோ: தலைப்பு சொல்லும் செய்தி இவ்வளவு. 'மைக்ரன்ட் மதர்' என்று உலகம் முழுக்கத் தெரிந்த படம்தான். லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வந்தது 1978இல். அவர் செரோக்கி பழங்குடி வழியில் வந்தவர் என்பதும் பிறகே பரவலாகத் தெரிந்தது. கார் பழுதாகி வழியில் தங்க நேர்ந்தது, அந்த முகாமில் பட்டாணி பறிக்க வந்தவர்கள் அல்ல என்பது குடும்பத்தார் தரப்பு. தலைப்பு மட்டும் லாங்கே காலத்து வாசகத்தோடு அப்படியே நிற்கிறது.

இதை நூலகத்தின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பழைய படத்தோடு வந்த வாசகத்தை மாற்றாமல் பதிய வேண்டும். பட்டியலாளரே தலைப்பு வைத்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும் என்பது அங்குள்ள விதி. நல்ல விதி. 1930களில் அரசு தன் ஏழைகளை எந்தச் சொற்களால் நாட்டுக்குக் காட்டியது என்பதற்கு அந்த வாசகமே சான்று. திருத்தி எழுதியிருந்தால் சான்று போயிருக்கும். ஆனால், வாசகத்தை மறுக்கும் செய்தியெல்லாம் குறிப்புப் பகுதிக்குப் போய்விடுகிறது. தேடல் முடிவில் முதலில் கண்ணில் படுவது தலைப்பு. குறிப்பைத் திறந்து படிப்பவர்கள் எத்தனை பேர்?

மெட்டாடேட்டா எனப்படும் மீதரவுத் தரங்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரே பதிவில் தெரிகின்றன. ஒவ்வொரு விவரத்துக்கும் அவை ஓர் இடம் ஒதுக்குகின்றன. அந்த விவரத்தைச் சொன்னவர் யார், எப்போது, எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்று கேட்பதில்லை.

டப்ளின் கோர் என்ற தரத்தை எடுத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்து அயர்லாந்துக்குப் போய்விட வேண்டாம். 1995இல் அது பிறந்தது ஒஹாயோ மாநிலத்து டப்ளினில். தலைப்பு, ஆக்கியவர், பொருள், நாள், உரிமை என்று மொத்தம் 15 புலங்கள். எதுவும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறையும் நிரப்பலாம். இந்த எளிமையால்தான் இரண்டு பேர் வேலை பார்க்கும் சிறு ஆவணகமும் தன் படங்களைப் பட்டியலிட முடிகிறது, ஓ.ஏ.ஐ. நெறிமுறை வழியாக ஒரு தளத்தின் பதிவுகளை இன்னொரு தளம் திரட்டிக்கொள்ளவும் முடிகிறது. ஆளாளுக்கு ஒரு எக்செல் கோப்பு வைத்திருந்தால் இது நடக்காது.

அதே எளிமை உதைப்பதும் உண்டு. ஸ்கேன் செய்த படத்துக்கு 'ஆக்கியவர்' யார்: கேமராவைப் பிடித்தவரா, ஸ்கேனரை இயக்கியவரா? ஒரு பதிவு ஒரு பொருளை மட்டுமே விவரிக்க வேண்டும் என்பது டப்ளின் கோரின் அடிப்படைக் கொள்கை. நெகட்டிவுக்கு ஒன்று, எண்ணிமக் கோப்புக்கு ஒன்று என இரண்டு பதிவு போட யாருக்கு நேரம் இருக்கிறது? இரண்டையும் ஒரே பதிவில் கலந்துவிடுகிறார்கள். அப்புறம் 1936இல் பிறந்த படம் ஸ்கேன் நாளின்படி நம் நூற்றாண்டுப் படமாகிப் பட்டியலில் வரிசை மாறி நிற்கும்.

நாள் என்பதே தனிச் சிக்கல். படக் கோப்புக்குள் பதியும் எக்சிஃப் தரம், எடுத்த நாளையும் எண்ணிமமாக்கிய நாளையும் பிரித்தே வைத்திருக்கிறது. அந்த வரைக்கும் அது டப்ளின் கோரை விடக் கறார். ஆனால் நாள், மணி, நொடி என்று அது கேட்பதெல்லாம் கேமராவுக்குத் தெரிந்த கணக்கு. லாங்கே அந்தப் படங்களை எடுத்தது 1936 பிப்ரவரியிலோ மார்ச்சிலோ என்கிறது நூலகம். இந்த 'இலோ'வை எந்தப் பெட்டியில் போடுவது? 'ஏறத்தாழ', 'உறுதியில்லை' என்பவற்றையும் கணினி படிக்கும்படி எழுத ஈ.டி.டி.எஃப். என்ற வடிவம் பின்னால் வந்தது. அது ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின் இரண்டாம் பகுதிக்குள் இடம்பெற 2019 ஆயிற்று. சந்தேகத்துக்கு முறையான இடம் கிடைத்தது அவ்வளவு தாமதமாக.

சந்தேகத்தை மறைக்காமல் எழுத முடியும் என்பதற்கும் லாங்கேயின் படம் இருக்கும் தொகுப்பிலேயே சான்று உண்டு. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் கொண்ட தொகுப்பு இது. வாசகமே இல்லாதவை ஏராளம். பட்டியலாளர்கள் கற்பனையாகத் தலைப்பு வைக்கவில்லை. 'தலைப்பற்ற படம், இன்னதோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்று சதுர அடைப்புக்குள் எழுதி, பக்கத்து நெகட்டிவின் வாசகத்தைச் சேர்த்தார்கள். பார்க்க அழகில்லை, படிப்பவரை ஏமாற்றவும் இல்லை.

2008 ஜனவரியில் அதே நூலகம் சுமார் மூவாயிரம் பழைய படங்களை ஃபிளிக்கர் படத்தளத்தில் பொதுமக்கள் முன் வைத்தது. பார்த்தவர்கள் சேர்த்த குறிச்சொற்களில் குப்பையும் இருந்தது. ஆனாலும் ஆட்கள், ஊர்கள், கட்டடங்கள் பற்றிப் பொதுமக்கள் சொன்னதைச் சரிபார்த்து, முதல் ஆண்டிலேயே 500க்கும் மேற்பட்ட பதிவுகளைச் செம்மைப்படுத்தினார்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவிலேயே எழுதினார்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்த முயற்சியை முன்மாதிரி என்று சொல்லலாம்.

தமிழகத்து ஸ்டூடியோப் படங்களுக்கு இந்த வரி இன்னும் அவசியம். அட்டையில் ஸ்டூடியோ பெயர் அச்சாகியிருந்தால் 'ஆக்கியவர்' கட்டம் நொடியில் நிரம்பிவிடும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்பதற்கு ஒரு பேத்தியின் வாய்மொழிதான் ஆதாரம். அவருடைய சித்தப்பா வேறு பெயர் சொல்லக்கூடும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களை இணைக்கும் யூரோப்பியானாவின் தரவு மாதிரி, ஒரே பொருளைப் பற்றி இருவர் தரும் இரு விவரங்களைக் கலக்காமல் தனித்தனியே வைக்க வழி செய்கிறது. அதை நிறுவிப் பராமரிக்கும் வசதி சிறு ஆவணகங்களுக்குக் கிடையாது. அவற்றுக்கும் வழி இல்லாமல் இல்லை: டப்ளின் கோரின் விவரணைப் புலத்தையே இரண்டு முறை நிரப்பலாம். ஒன்றில் பேத்தி சொன்னது, மற்றதில் சித்தப்பா சொன்னது, இரண்டிலும் கேட்டு எழுதிய ஆண்டு. தரம் இதைத் தடுக்கவில்லை; படம் ஒன்றுக்கு இன்னும் சில நிமிடம் கூடுதலாகும், அதையும் திட்டச் செலவில் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்.