அணுக்கமும் ஒலிபெருக்கியும்: பாலக்காட்டுத் தாளக்கலையில் மனோதர்மம்

தமிழிசை ஆய்வு பெரிதும் பாட்டைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. உருப்படி, அதன் பண், அதன் பாடபேதம் என்பனவே ஆய்வுப் பொருளாயின. எழுதி வைக்கப்படாமல், வாசிக்கும் கணத்திலேயே தோன்றி மறையும் இசை அவ்வாய்வின் எல்லைக்குள் அரிதாகவே வந்துள்ளது. அதற்குத் தமிழில் இலக்கணம் இல்லை என்று கூற இயலாது. சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமையாசிரியனின் தகுதிகளைக் கூறுமிடத்து, இசை குறையுமிடத்து நிரப்புவதையும் மிகுமிடத்து அடக்குவதையும் அவனுக்குரிய தொழிலாகக் காட்டுகிறது. குறைவு எவ்விடத்து நேரும் என்பதை முன்கூட்டி எவரும் எழுதி வைத்தல் இயலாது. ஆதலின் அது மனோதர்மத்திற்கு வகுத்த இலக்கணம். அருகிருந்து கேட்கும் செவிக்கு வகுத்த இலக்கணமும் ஆகும்.

இவ்வணுக்கத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளப் பாலக்காட்டுப் பகுதிக் கோயில் முற்றங்களில் நிகழும் தாயம்பகை பெரிதும் உதவும். மாலைத் தீபாராதனை முடிந்தபின் தொடங்கும் இந்நிகழ்வில் பாட்டு இல்லை. தலைமைக் கலைஞர் செண்டையின் இடந்தலையில் வலக்கையில் கோலும் இடக்கையில் வெறும் உள்ளங்கையுமாக வாசிப்பார். வலந்தலைச் செண்டைகளும் இலைத்தாளமும் காலத்தைப் பிடித்து நிற்கும். பதிகாலம், கூறு, இடவட்டம், இடநிலை, இரிகிட என்னும் படிநிலை வரையறுக்கப்பட்டது. ஒவ்வொரு படியினுள்ளும் எதை, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பது கலைஞர்வயப்பட்டது. இறுதியில் வரும் இரிகிடயின் விரைவே திரளான மக்களைக் கவர்கிறது. எனினும் கலைஞரின் ஆற்றல் வெளிப்படுவது தொடக்கத்துப் பதிகாலத்திலேயாம். அங்குக் காலம் மெதுவானது. இரு அடிகளுக்கு இடையே உள்ள வெற்றிடம் பெரிது. அதை நிரப்பாமல் விடுவதற்கும் துணிவு வேண்டும். சுற்றி நிற்போர் விரல் மடக்கித் தாளம் எண்ணுகின்றனர். கலைஞர் ஒரு கணக்கை நீட்டும்போது அவ்விரல்கள் தயங்குவதை அவரும் காண்கிறார். அடுத்து வாசிப்பதை அத்தயக்கமும் ஓரளவு தீர்மானிக்கிறது எனலாம்.

இம்மண்ணின் தாளக்கலையில் தமிழ், மலையாளம் என்னும் எல்லை திட்டமாக வரையப்பட்டதன்று. இன்றைய பஞ்சவாத்திய அமைப்பை உருவாக்கியோருள் ஒருவரான மத்தளக் கலைஞர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி தமிழ் பேசும் குடியினர். பாலக்காடு மணி ஐயரும் (1912-1981) இப்பகுதியில் பிறந்து, சாத்தபுரம் சுப்பையரிடமும் கல்பாத்தி விசுவநாதையரிடமும் பயின்று, பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் மாணவரானவர். அவருடைய மிருதங்க வாசிப்பில் செண்டையின் சாயல் உண்டென்பது இசையுலகில் பலகாலும் சொல்லப்பட்டு வருவது. ஆயினும் சொற்கட்டுகளின் ஒற்றுமையைத் தேடுவதைவிட, வெற்றிடத்தைக் கையாளும் முறையில் அவ்வுறவைத் தேடுவதே பொருந்தும். பாட்டின் நடையைப் பின்பற்றி வாசித்தல், வேண்டிய இடத்தில் கையை எடுத்துவிடுதல் ஆகிய இரண்டும் அவருக்குப் புகழ் தந்தன. அரங்கேற்று காதை கூறும் நிரப்பலும் அடக்கலும் இவையே.

இத்தகையவர் ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்று சில காலம் உறுதி பூண்டிருந்தார். அதனைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் எளிது. உண்மையில் அது கலைக்கொள்கை சார்ந்தது. ஒலிபெருக்கி இருக்குமிடத்துப் பாடகரின் குரலுக்கேற்பத் தொப்பியின் ஒலியை அடக்கவேண்டிய தேவை கலைஞருக்கு இல்லை. அப்பணியை இயந்திரம் ஏற்கிறது. ஒருவரையொருவர் செவிமடுத்தல் குன்றியபின் மனோதர்மம் தனித்தனித் திறன்காட்டலாகச் சுருங்குகிறது. இவ்வளவில் மணி ஐயரின் முடிவு ஏற்கத்தக்கதே.

ஆனால் அணுக்கத்தைப் போற்றும் திறனாய்வு அதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். 1924இல் கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் ஈழவர் நடந்து செல்வதைக் குறித்துப் பூசல் மூண்டது. பாலக்காடு அடங்கிய அன்றைய மலபாரில் கோயில்களை அனைத்துச் சாதியினர்க்கும் பொதுவாகத் திறந்துவிட்ட சட்டம் 1947இல்தான் வந்தது. அதுவரை கோயில் முற்றத்தில் விரல் மடக்கி எண்ணும் வாய்ப்பு பிறப்பினால் பங்கிடப்பட்டிருந்தது. வாசிக்கும் உரிமையும் மாரார், பொதுவாள் முதலிய குடிகளுக்கே மரபில் உரியதாயிருந்தது. மதிலுக்கு வெளியே நின்றவருக்கு நுண்ணொலியைக் கொண்டுசேர்க்கும் வழியாக ஒலிபெருக்கி அமைந்தது. இசையைச் சிதைத்த கருவி என்று மட்டும் அதைக் கூறுவது, தெருவின் உட்புறம் நின்று கூறுவதாகும். கலைநயம் பற்றிய வாதமும் சமூகவியல் வாதமும் இவ்விடத்தில் ஒன்றையொன்று மறுக்கின்றன. இவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு எழுதப்படும் இசை வரலாறு எளிமையானதாக இருக்கும், ஆனால் முழுமையானதாக இராது.

இம்முரண் கருவியின் தோலிலும் பதிந்துள்ளது. மிருதங்கத்தின் நாதத்தை மேம்படுத்த மணி ஐயர் இடையறாது சோதனைகள் செய்தவர். அவற்றில் உடனிருந்தவர் தஞ்சாவூர் மிருதங்க வினைஞர் பர்லாந்து. டி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) என்னும் ஆங்கில நூல் இவ்வினைஞர் குடும்பங்களின் வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. ஒரு தோலின் கனம், ஒரு சோற்றின் பதம், வாரின் இறுக்கம் ஆகியவற்றால் ஒலி எங்ஙனம் மாறும் என்பதைக் கேட்டறிந்து திருத்திய செவி அவருடையது. மணி ஐயரின் வாத்தியத்தை அவருக்கு அடுத்து மிக அருகிருந்து கேட்டவர் என்று பர்லாந்தைக் கூறலாம். அக்கேள்வி நிகழ்ந்தது பணிக்களத்தில். கச்சேரிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அவர் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை.